மிச்சக் காந்தம்

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த அன்று
கன்னடியன் கால்வாய் நுரையும் சருகுமாக வந்து
சேரன்மகாதேவி அரிசி மில்லின் சக்கரத்தில் விழுந்தது.
பெல்ட் ஓடியது. டைனமோ ஓடியது.
பெல்ட்டின் தையலை எண்ணிப் பெருக்கிப் பார்த்தேன்,
நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று, குறைவில்லை.
மீட்டர் முள் மட்டும் பூச்சியத்தில் குந்தியிருந்தது,
வாய்தாவுக்கு வந்தவன் மாதிரி.

"என்னவே வேதமுத்து, லைட்டு எரியலியே?"
மானேஜர் பிரமநாயகம் பிள்ளை மூன்று தடவை கேட்டார்.
மூன்றாம் தடவை பூசாரிக்கு ஆள் அனுப்பினார்.

பிரஷ்ஷைக் கழற்றினேன். கரி சரி.
கம்யூட்டேட்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
சீமைக் கம்பெனிப் புத்தகத்தில்
வேண்டிய பக்கத்தை மட்டும் ராமபாணம் தின்றிருந்தது.
பெல்ட்டைத் தள்ளிவிட்டு, கடைசியாக,
ஒரு குண்டூசியை இரும்புத் துருவத்தில் ஒட்டிப் பார்த்தேன்.
விழுந்தது.

மின்சாரம் பிறக்கக் காந்தம் வேண்டும்.
அந்தக் காந்தம் பிறக்க மின்சாரம் வேண்டும்.
போன பூவில் ஓடிய ஓட்டத்தில்
இரும்பு விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு சொட்டுதான்
இரண்டுக்கும் நடுவில் நிற்பது.
இன்றைய பாலுக்கு நேற்றைய உறைமோர்.
அதைக் காணோம்.

கொல்லன் கந்தப்பன் தானாகவே ஒத்துக்கொண்டான்:
கால்வாய் அடைத்திருந்த மாதங்களில்
வண்டி அச்சு ஒன்றை இதன் முதுகில் வைத்து
அடித்து நிமிர்த்தினானாம்.
"நல்ல கனம்லா, அசையவே இல்ல."
அசைந்திருக்கிறது, உள்ளே.
ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்த கிடை
சம்மட்டிச் சத்தத்தில்
திக்குக்கு ஒன்றாக எழுந்து போய்விட்டது.

முக்கூடல் பஸ் மில் வாசலில் நின்றது.
டிரைவர் பீர் மைதீன் பாட்டரியைக் கழற்ற யோசித்தார்.
"ஆறு வோல்ட்டை வச்சு என்ன செய்யப் போறீரு?"
"ஞாபகப்படுத்தப் போறேன்."

இரண்டு கம்பி. மூன்று எண்ணும் நேரம்.
எடுக்கையில் நீலமாய் ஒரு பொறி
கட்டைவிரல் நகத்தைக் கருக்கிற்று.
பெல்ட்டைப் போட்டேன். முள் துடித்தது,
இடப்பக்கமாக. பூச்சியத்துக்கும் கீழே போய்
ஆணியில் முட்டி நின்றது.
பல்பு எல்லாம் எரிந்தது.

பிள்ளை கைதட்டினார். பூசாரி தட்டை நீட்டினார்.
"முள் எந்தப் பக்கம் போனா என்னவே,
வெளிச்சம் வெளிச்சந்தானே?"
நியாயம்தான். பல்புக்குத் திசை தெரியாது.
ஆனால் பின்கட்டில் வரிசையாக இருக்கின்றன
தந்தி ஆபீசுக்கு நாங்கள் நிரப்பிக் கொடுக்கும் கண்ணாடி ஜாடிகள்.
தலைகீழ் மின்சாரம் அவற்றை நிரப்பாது. காலி செய்யும்,
காலியான பின்னும் விடாது.

மீட்டரின் பின்னால் இரண்டு கம்பியை மாற்றிவிட்டால்
முள் நேராகிவிடும். ஒருவருக்கும் தெரியாது.
திருப்புளி கையில்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் இருந்தது.

நிறுத்தினேன். இருட்டு. பிள்ளை ஏசினார்,
என் தகப்பனையும் சேர்த்து.

ஆறே முக்கால். பீர் மைதீன் மணி பார்த்தார்.
"காலைல வாங்கிக்கிடுதேன்" என்று பாட்டரியை விட்டுவிட்டு
வண்டிக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினார்.
மாக்னெட்டோ என்ஜின், பாட்டரி இல்லாமலும் உறுமும்.
விளக்குத்தான் எரியாது.
கண்டக்டர் எங்கள் அரிக்கேன் லாந்தரை எடுத்து
மூக்கில் கட்டினான்.

"சிவப்புக்குச் சிவப்பு" என்று கரித்துண்டால் சுவரில் எழுதினேன்.
மறுபடியும் மூன்று எண்ணினேன்.
முள் வலப்பக்கம் நகர்ந்தது. இருபதில் தயங்கி,
பிறகு நாற்பது, தொண்ணூறு, நூற்றுப் பத்து.

நாற்பது பல்பின் வெளிச்சத்தில்
ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.
கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கையால் மறைத்துப் பார்த்தேன்:
வயலுக்கு நடுவே, நெல்லிக்காய் அளவில்,
அந்த லாந்தர்
பள்ளம் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.